ரயில் பஸ்: கிளைப் பாதையில் போட்ட துண்டு

1932 ஜூன் மாதம் ஹைதராபாத் சமஸ்தானத்தில் 27 பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றை ஓட்டியது நிஜாம் அரசு ரயில்வே. ரயில்வேக்குள்ளேயே சாலைப் போக்குவரத்துக்கு என்று ஒரு துறை, அதற்கு 166 ஊழியர்கள். ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகமும் அதிலிருந்து பிரிந்த தெலங்கானா கழகமும் தங்கள் வரலாற்றை இந்த 27 பஸ்களில்தான் தொடங்குகின்றன. அந்தக் காலத்து ஆல்பியன் பஸ் ஒன்றைப் பழுது பார்த்து இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

ரயில் கம்பெனி எதற்காக பஸ் ஓட்ட வேண்டும்? கணக்கு எளிது. வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு 1874-லேயே ரயில் வந்துவிட்டது. அதற்காக ஊருக்கு ஊர் தண்டவாளம் போட முடியாது. பத்துப் பேர் ஏறும் ஊருக்கு பஸ் போதும். அந்த பஸ் பயணியை ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டால் ரயிலுக்கும் ஆள் கிடைக்கும்.

இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டால் நம் விஷயம் வந்துவிடும். தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் ஏறுவது பஸ் அளவு கூட்டம்தான் என்றால் என்ன செய்வது? அதற்கு உலகம் கண்ட விடைதான் ரயில் பஸ்.

ரயில் பஸ் என்றால் என்ன?

பஸ்ஸைப் போன்ற இலகுவான கூடு, தரைக்கு அடியில் டீசல் எஞ்சின், ரப்பர் டயருக்குப் பதில் இரும்புச் சக்கரம், இரண்டு முனையிலும் டிரைவர் இருக்கை. அவ்வளவுதான்.

இதன் லாபம் எடையில் இருக்கிறது. நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின் ஒன்றின் எடை சுமார் 112 டன். ஒரு பெட்டி ஏறக்குறைய 40 டன். ஐந்து பெட்டி கோத்தால் மொத்தம் 310 டன்னுக்கு மேல். கிளைப் பாதையில் அந்த வண்டியில் 60 பேர் போனால், ஆளுக்கு ஐந்து டன் இரும்பை இழுக்கிறோம் என்று அர்த்தம். டீசல் செலவு, தண்டவாளத் தேய்மானம், ஆள் சம்பளம் எல்லாம் அந்த இரும்புக்குத்தான். ஜெர்மனியின் ‘ஊர்டிங்கன்’ ரயில் பஸ்ஸின் முதல் வகை 20 டன்னுக்கும் குறைவு.

நீராவி நாட்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. எஞ்சினுக்குக் காலையில் சில மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். கரி வேண்டும், தண்ணீர் வேண்டும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தில் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். ரயில் பஸ்ஸில் டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே நடந்து மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தால் வண்டி திரும்பத் தயார். சில பாதைகளில் டிக்கெட்டையும் வண்டிக்குள்ளேயே கொடுத்துவிடுவார்கள்.

வெளிநாட்டில் எப்படி ஓடியது?

போரில் நொறுங்கிய ஜெர்மனியில் 1950-ல் ஊர்டிங்கன் தொழிற்சாலையின் முதல் வண்டிகள் வந்தன. பஸ்ஸுக்கும் லாரிக்கும் செய்த எஞ்சினையே பொருத்தினார்கள். 1971 வரை நூற்றுக்கணக்கில் செய்து ஓட்டியதால், கிளைப் பாதைகளைக் காப்பாற்றிய வண்டி என்றே அங்கே பெயர்.

பிரிட்டன் அதே யோசனையை அரைமனதாகச் செய்தது. 1958-ல் ஐந்து கம்பெனிகளிடம் சேர்த்து வாங்கியது வெறும் 22 வண்டிகள். ஐந்து விதமான வண்டி என்றால் ஐந்து விதமான உதிரி பாகம். 1960-களின் முடிவுக்குள் அவை போய்விட்டன; அவை ஓடிய பல பாதைகளும் மூடப்பட்டன. பின்னர் 1980-களில் லேலண்ட் பஸ்ஸின் பாகங்களை வைத்து ‘பேசர்’ வண்டிகளைச் செய்தார்கள். நான்கே சக்கரம் என்பதால் குலுக்கல், வளைவில் கிறீச்சிடல் என்று பயணிகள் திட்டிக்கொண்டே ஏறினார்கள். தற்காலிகத் தீர்வாக வந்தவை முப்பது ஆண்டுக்கு மேல் ஓடி, 2021 வாக்கில்தான் ஓய்வு பெற்றன.

இலங்கை இன்னும் சிக்கனமாக யோசித்தது. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு ஒட்ட வைத்து, இரும்புச் சக்கரத்தில் நிறுத்தி ஓட்டினார்கள். போகும்போது ஒரு பஸ்ஸின் டிரைவர் ஓட்டுவார், வரும்போது மற்றது முன்னால் வரும்.

நம் பக்கத்தில் எங்கே ஓடியது?

1990-களில் பெங்களூரின் பெமல் நிறுவனம் ரயில் பஸ்களைச் செய்து கொடுத்தது. மதுரா–பிருந்தாவன் மீட்டர் கேஜ் பாதை, ராஜஸ்தானின் மேர்டா ரோடு–மேர்டா சிட்டி, கர்நாடகத்தின் சிமோகா–தாளகுப்பா, ஆந்திராவின் பொப்பிலி–சாலூர் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக அவை ஓடின.

ஹைதராபாத்தோடு நேரடித் தொடர்பு உள்ளது காக்கிநாடா–கோட்டிபள்ளி ரயில் பஸ். செகந்திராபாத்தில் ‘ரயில் நிலையம்’ என்றால் தமிழ்க் காதுக்குக் குழப்பம் வரும். அது ஸ்டேஷன் இல்லை, 1966-ல் பிறந்த தெற்கு மத்திய ரயில்வேயின் தலைமை அலுவலகக் கட்டிடத்தின் பெயர். கோட்டிபள்ளி வண்டி அந்த அலுவலகத்தின் கீழ் ஓடியது.

அந்தப் பாதைக்குத் தனிக் கதை உண்டு. 1928-ல் போட்ட தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போரின்போது இரும்புக்காகப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மக்களவைத் தலைவராக இருந்த ஜி.எம்.சி. பாலயோகி அதைத் திரும்பப் போட வேண்டும் என்று முயன்றார். 2002-ல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்த பிறகு, 2004-ல் 45 கிலோமீட்டர் பாதை மீண்டும் திறந்தது. ராமச்சந்திரபுரம், திராக்ஷாராமம் வழியாக வயல்களுக்கு நடுவே போய் கோதாவரிக் கரையில் முடியும் பாதை. அதில் ஒற்றை ரயில் பஸ் போய் வந்துகொண்டிருந்தது. 2020 பொதுமுடக்கத்தில் நாட்டின் பயணி ரயில்கள் எல்லாம் நின்றபோது அதுவும் நின்றது.

ஏன் மெதுவாகப் போகிறது?

ஒரே வண்டி ஓடும் பாதையில் சிக்னல் தேவை குறைவு. ‘ஒரே ரயில் முறை’ என்று ரயில்வே விதிகளிலேயே ஒரு முறை உண்டு. பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் அனுமதி. எதிரே வருவதற்கு வேறு வண்டி கிடையாது. செலவு குறைகிறது. ஆனால் கூட்டம் கூடினால் இரண்டாவது வண்டியை விட முடியாது. அந்த ஒரு வண்டி பழுதானால் அன்றைக்குப் பாதையே மூடியதுபோல்தான்.

அடுத்தது கேட். கேட்டுக்கு ஓர் ஆள் போடக் கட்டுபடியாகாத பாதையில், கேட்காரர்கள் வண்டியிலேயே வருவார்கள். வண்டி கேட்டுக்கு முன்னால் நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்திவிட்டுக் கொடி காட்டுவார். வண்டி ஊர்ந்து தாண்டி மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். இருபுறமும் சைக்கிளும் டிராக்டரும் காத்திருக்கும். இதற்கு மூன்று நிமிடம் என்று வைத்தால்கூட, இருபது கேட்டுக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

இதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். 2019 ஜூனில் திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் டீசலில் ஓடும் டெமு ரயில் ஓடத் தொடங்கியபோது இப்படித்தான் கேட்காரர்களை வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். 149 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பக்கத்துச் சாலையில் பஸ் பாதி நேரத்தில் போய்விடும்போது ரயிலில் யார் ஏறுவார்கள்?

சரி, ரயில் பஸ் வென்றதா தோற்றதா?

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டு உட்காரப் போவதில்லை. ஆள் வரும்வரை இடம் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. இந்தியாவில் ரயில் பஸ் செய்ததும் அதுதான்.

தாளகுப்பாவில் ஆள் வந்தார். ஜோக் அருவிக்குப் பக்கத்து ஊர் அது. மீட்டர் கேஜில் ரயில் பஸ் ஓடிக்கொண்டிருந்ததால் பாதை செத்துப்போகவில்லை. 2011-ல் அகலப்பாதை ஆனது. இன்று பெங்களூருக்கும் மைசூருக்கும் அங்கிருந்து நேரடி ரயில். பிருந்தாவனத்தில் அகலப்பாதைத் திட்டம் உள்ளூர் எதிர்ப்பில் சிக்கியது. கோட்டிபள்ளியில் பாதையை ஆற்றுக்கு அப்பால் அமலாபுரம் வழியாக நரசாபுரம் வரை நீட்டினால்தான் அதற்கு உயிர். துண்டு போட்டு இருபது ஆண்டு ஆகிவிட்டது.

ஆகவே குறை வண்டியில் இல்லை. ஜெர்மனி ஒரே வகை வண்டியை நூற்றுக்கணக்கில் செய்து ஓட்டியது. நாமோ ஒரு பாதைக்கு ஒற்றை வண்டியை விட்டு, அது ஒரு நாளைக்கு ஓரிரு முறை போய்வந்தால் போதும் என்று இருந்துவிட்டு, ஆள் ஏறவில்லை என்று கணக்கு எழுதினோம். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருந்தது. வண்டி வரும் நேரத்துக்கு அங்கே பஸ் இல்லை. பஸ் ஒரு கழகத்தின் கையில், ரயில் இன்னொரு துறையின் கையில்.

உங்கள் ஊர்க் கிளைப் பாதைக்கு ரயில் வேண்டும் என்று மனு எழுதும்போது, இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்க வேண்டும். ஹைதராபாத்தில் 1932 முதல் 1951 வரை பஸ்ஸையும் ரயிலையும் நடத்தியது ஒரே நிர்வாகம்தான்.