சர்க்கரை நோயாளிக்குக் கேழ்வரகுக் கூழ் ஏற்றதா?

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் கூழும் கருவாடும் பழகிய உணவு. இன்று அரிசிச் சோறே வயிற்றை நிரப்புகிறது. இதனால் குறைந்துபோன சத்துகளுள் ஒன்று மக்னீசியம்.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின்தான் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் சேர்க்கிறது. இதற்கு உதவும் நொதிகள் மக்னீசியம் இல்லாமல் சரிவர இயங்குவதில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காதபோது சிறுநீர் அதிகம் போகிறது. மக்னீசியமும் அதனுடன் வெளியேறுகிறது. சத்து குறையக் குறைய, சுரக்கும் இன்சுலினும் முழுப்பலன் தருவதில்லை. நோய் சத்தைக் குறைக்க, சத்துக்குறைவு நோயை வளர்க்கிறது.

நெல்லில் இச்சத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் உள்ளது. ஆலையில் தீட்டும்போது அது மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது! ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் சுமார் 19 மில்லி கிராம் மக்னீசியமே உள்ளது; கேழ்வரகில் சுமார் 146 மில்லி கிராம். கஞ்சியை வடித்துக் கொட்டினால் அரிசியில் எஞ்சியதிலும் ஒரு பகுதி போய்விடும்.

கேழ்வரகிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் தாதுச் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்க வைத்தால் பைட்டேட் குறைந்து, சத்து உடலில் சேருவது எளிதாகிறது. முளைகட்டிய கேழ்வரகுக்கும் இது பொருந்தும்.

ஆயினும் கூழ் மருந்தாகிவிடாது. கேழ்வரகிலும் மாவுச்சத்தே மிகுதி. நைசாக அரைத்த மாவில் நீர்க்கக் கரைத்த கூழைச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். சோற்றுக்கு மேல் கூழையும் சேர்க்காமல், ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாக அளவோடு, கெட்டியாக உண்பதே முறை. நொய்யரிசியைக் குறைத்து, முருங்கைக்கீரையோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளலாம். இவற்றிலும் மக்னீசியம் உண்டு. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மீன் குழம்புக்கு மாறுவது நல்லது.

“கூழ் குடிக்கிறேன், மாத்திரை எதற்கு?” என்று நிறுத்துவது ஆபத்து. கழிமுகச் சேற்றில் இறங்கி இறால் பிடிப்பவர் காலில் சிப்பி கிழித்தால், கட்டுப்படாத சர்க்கரை அந்தப் புண்ணை ஆறவிடாது. மக்னீசிய மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவதும் கூடாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இச்சத்து உடலில் தேங்கித் தீங்கு செய்யும். அவர்கள் கேழ்வரகின் அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.