மூச்சை அளக்கும் கருவி!

குட்டீஸ்... ஜன்னல்களை மூடிய அறையில், நிறைய பேர் உட்கார்ந்திருந்தால் புழுக்கமாக இருக்கிறதல்லவா? நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, அங்கேயே சேருகிறது; ஒருவரின் சளிக் கிருமியும் மற்றவரைத் தொற்றலாம்.

வெளிக்காற்றின், 10 லட்சம் பங்கில் இந்த வாயு, 420 பங்குக்கு சற்று அதிகம். அறைக்குள், 1,000 பங்கைத் தாண்டக் கூடாது என, 1858லேயே சொன்னார், ஜெர்மனி விஞ்ஞானி மாக்ஸ் வான் பெட்டன்கோபர்.

இன்று, சில பெரிய கட்டடங்களில், இதை அளக்க, 'சென்சார்' உண்டு. அளவு கூடினால், கம்ப்யூட்டர் மின்விசிறியை வேகப்படுத்தி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கூட்டம் கலைந்ததும், வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

உங்கள் வகுப்பில், 'சென்சார்' இல்லையா? எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்... நல்ல காற்று தானே வரும்!