இழைத்து இளைத்த மரம்

1992 ஜனவரி. இங்கிலாந்தின் பிரே ஸ்டூடியோவில் ஒரு சின்ன மேடை. எம்டிவியின் ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சிக்காக எரிக் கிளாப்டன் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறார். மின்சாரக் கிட்டாரால் உலகப் புகழ் பெற்றவரின் மடியில் அன்று இருந்தது 1939-ல் செய்த மார்ட்டின் 000-42. அவரைவிட ஆறு வயது மூத்தது. 2004-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 7,91,500 டாலருக்குப் போனது. அதற்கு முன்பே, 1995-ல், மார்ட்டின் நிறுவனம் கிளாப்டன் பெயரில் 461 கிட்டார்களை அதே 000-42 வகையில் செய்து விற்றுவிட்டது.

அளவும் அதே, பெயரும் அதே. ஆனால் பழசின் மோகம் மட்டும் குறையவில்லை. கேட்டால், மரம் முதிர முதிரக் குரல் கனியும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய காரணம் கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கிறது.

முதலில் 000 என்ற பெயரில் உள்ள சுழிகளைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நாசரேத் என்ற ஊரில் இருக்கும் மார்ட்டின் நிறுவனத்தில் சுழி கூடக் கூட உடம்பும் கூடும். 0 அளவு கிட்டாரின் அகன்ற பகுதி சுமார் 34 செ.மீ., 00 அளவுக்கு 36, 000 அளவுக்கு 38. இன்று ‘சின்ன கிட்டார்’ என்கிற 000, 1902-ல் வந்தபோது அந்தக் கடையிலேயே பெரியது. பான்ஜோவோடும் மாண்டலினோடும் மைக் இல்லாமல் போட்டி போட வேண்டிய காலம் அது, சத்தம்தான் மரியாதை. 1930-களில் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைச் சூடிய ‘டிரெட்நாட்’ கிட்டார் 40 செ.மீ. அகலத்தோடும் ஆழமான பெட்டியோடும் வந்து மற்றவற்றைக் குள்ளமாக்கியது. பிறகு மைக் எங்கும் பரவியது. பெரிய பெட்டியின் ‘தொம் தொம்’ பாடகரின் குரலை அமுக்குவது அப்போதுதான் உறைத்தது.

காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒலிக்கும். கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான். டிரெட்நாட்டில் அந்தச் சுருதி ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ். பெட்டி சிறுத்தால் அது மேலே ஏறும். தடித்த ஆறாம் கம்பியின் அடிப்படை அதிர்வோ 82 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தைச் சின்ன கிட்டாரால் வலுவாகத் தள்ள முடியாது. ஆனாலும் நமக்கு அந்த ஸ்வரம் கேட்கிறது. மேலே உள்ள துணை அதிர்வுகளை வைத்துக் காது மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் பெரிதாகக் கடத்தாது. அப்பாவின் கட்டைக் குரல் அதில் கட்டைக் குரலாகவே கேட்டதும் இந்தத் தந்திரத்தால்தான்.

இனி வயிற்றுக்குள் போகலாம். நடுத்துளை வழியாக ஒரு குட்டி பல்பையும் கண்ணாடியையும் நுழைத்துப் பார்த்தால், மேல் பலகையின் அடியில் பெருக்கல் குறிபோல இரண்டு தாங்குகட்டைகள் தெரியும். 1930-களின் மார்ட்டின் என்றால் அந்தக் கட்டைகள் இடையில் குழிந்து, நுனியில் மெலிந்திருக்கும். உளியால் ஒவ்வொன்றாகச் செதுக்கியவை. 1950-களின் கிட்டாரில் அந்தக் குழிவு இருக்காது.

இந்தச் செதுக்கலுக்கு ஏன் இத்தனை மதிப்பு? பலகையோ தாங்குகட்டையோ, விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். மூன்று மில்லிமீட்டர் பலகையை 2.7-க்கு இழைத்தால் எடை பத்து சதவீதம்தான் குறையும். விறைப்போ 27 சதவீதம் சரியும். இழைப்புளியை இரண்டு தடவை கூடுதலாக ஓட்டினால் குரலே மாறிவிடும். மெலிந்த பலகை விரல் பட்டதும் அதிரும்; ஆனால் சீக்கிரம் வளையவும் செய்யும். ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. வாசிப்பவர்கள் தடித்த கம்பிகளைப் போட்டு முறுக்க, பலகைகள் உப்பிக்கொண்டு பழுதுக்குத் திரும்பின. 1944-ன் இறுதியில் மார்ட்டின் செதுக்கலை நிறுத்தியது. முதல் உடைமையாளருக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் தருகிற நிறுவனம் வேறு என்ன செய்யும்? பழைய கிட்டார் இனிப்பதில் பெரும்பங்கு அதன் வயதுக்கு அல்ல, அதைச் செய்தவர்கள் எடுத்த துணிச்சலுக்கே சேரும். அந்தத் துணிச்சல் எல்லை மீறிய கிட்டார்கள் எப்போதோ உடைந்து போயின. நாம் கேட்பது தப்பிப் பிழைத்தவற்றை மட்டும்.

வயதுக்கும் வேலை உண்டு. மரத்தின் செல் சுவரில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைகிறது. மரம் ஈரம் உறிஞ்சுவது குறைந்து சற்று லேசாகிறது. இதைத்தான் இன்றைய ஆலைகள் அடுப்பில் வைத்துச் செய்கின்றன. ஆக்ஸிஜன் மிகக் குறைந்த சூளையில் மேல் பலகைக்கான ஸ்ப்ரூஸ் மரத்தைச் சூடாக்கினால் அதே சிதைவு மணிக்கணக்கில் முடிந்துவிடும். யமஹா இதற்கென ஒரு முறை வைத்திருக்கிறது. மார்ட்டினும் 2015 முதல் செய்கிறது.

முதுகுப் பலகையின் கதை நம் பக்கம் வருகிறது. பழைய உயர்ரக மார்ட்டின்களின் முதுகு பிரேசில் ரோஸ்வுட். அது கிடைப்பது அரிதாகி, 1969-ல் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்கிற அதே மரம். 1992-ல் பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகமே தடைக்குள் வந்தது. ‘பிரேசில் போல வருமா’ என்ற பெருமூச்சு அதற்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது.

லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பெருமூச்சைச் சோதித்தார்கள். ஒரே கைவினைஞர் ஆறு கிட்டார்கள் செய்தார்; முதுகு, பக்கப் பலகைகளின் மரம் மட்டும் வேறு வேறு. பிரேசில் ரோஸ்வுட், நம் ஈட்டி, மஹாகனி எல்லாம் அதில் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு 52 கிட்டார் கலைஞர்கள் வாசித்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது: மதிப்பெண்கள் ஏறக்குறைய சமம், விலை உயர்ந்த மரத்துக்குத் தனிச் சிறப்பு எதுவும் தெரியவில்லை.

பசையும் இந்த ஏக்கத்துக்குத் தப்பவில்லை. அந்தக் காலத்தில் வச்சிரம். நம்மூர் தச்சர்களும் ஒருகாலத்தில் காய்ச்சிய அதே தோல் பசை. பிறகு வெள்ளைப் பசை வந்தது. இப்போது மார்ட்டினின் ‘ஆதென்டிக்’ வரிசையில் வச்சிரம் திரும்பியிருக்கிறது, குழித்த தாங்குகட்டைகளும் உண்டு. கழுத்து வளைந்தால் நிமிர்த்த 1985 முதல் மார்ட்டின் வைத்துவந்த திருகு கம்பியை இதில் எடுத்தேவிட்டார்கள், பழையதில் இல்லாததால். சாதாரண மாடலைவிடக் கூடுதல் விலை கொடுத்து இந்த வசதிக் குறைவையும் வாங்கிப் போகிறார்கள். சில பத்தாண்டுகளில் கம்பிகளின் இழுப்பில் கழுத்தின் கோணம் சாயும். அப்போது பழுது பார்ப்பவர் பதினைந்தாம் ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பிளவில் துளையிட்டு, ஊசி வழியாக நீராவி செலுத்துவார். வச்சிரம் இளகும், கழுத்து கையோடு வரும்.