நம் உணவில் மாவும் கொழுப்பும்

பெங்களூரின் அலசூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. நம் முன்னோர் ஏர் உழுதும் சுமை தூக்கியும் உழைத்தனர். உண்ட சோற்றை அவ்வுழைப்பே எரித்துவிட்டது. இன்று நம்மில் பலர் நாற்காலியில் அமர்ந்து பணி புரிகின்றோம். உழைப்பு மாறிவிட்டது, இலையிலிடும் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. நம் இல்லங்களில் நீரிழிவு நோய் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாவுச்சத்து ஒரு கிராம் நமக்கு 4 கலோரி ஆற்றல் தருகிறது. புரதமும் அவ்வளவே. கொழுப்போ 9 கலோரி தருகிறது. ஆதலின் எண்ணெயை மட்டும் குறைத்தால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தையும் உடல் கொழுப்பாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. நெய்யைத் தொடாதவரும் பருத்துவிடுவதன் காரணம் இதுவே.

1920களில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே அளித்துச் சோதித்தார். கோதுமை ரொட்டியோடு பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியரின் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை நலிந்தன. தானியத்தின் தன்மையோடு, அதன் அருகே வைக்கப்படும் துணை உணவும் முக்கியம் என்பதை இச்சோதனை உணர்த்தியது.

2025ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வும் இதனையொத்த பாடத்தையே தருகிறது. நம் நாட்டார் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். மொத்த மாவின் அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாகக் கோதுமையையோ சிறுதானியத்தையோ உண்பதால் நீரிழிவின் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவில் ஒரு பகுதியைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தைச் சேர்ப்போருக்கே அபாயம் குறைவாகக் காணப்பட்டது.

இந்நகரில் குடியேறிய நாம் கேழ்வரகுக் களியை விரும்பி ஏற்றுக்கொண்டோம். அது நன்றே. 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம் உண்டு. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்தும் கேழ்வரகில் மிகுதி. ஆயினும் அதில் மூன்றில் இரு பங்கு மாவே. இரண்டு உருண்டைக் களியோடு, பழக்கம் விடாமல் ஒரு தட்டுச் சோறும் உண்டால் பயன் என்ன?

அளவுதான் யாது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கூறும் அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியம், பருப்பு ஆகியவை சமைக்குமுன் நிறுத்த எடையாகும். எண்ணெய் ஏறக்குறைய ஐந்தாறு தேக்கரண்டி. தாளிப்பதும் பொரிப்பதும் தோசைக்கு ஊற்றுவதும் இக்கணக்கிலேயே அடங்கும்.

இதற்கு வழி நம் அருகிலேயே உள்ளது. மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்ச் சந்தைகளில் குவியும் அவரெக்காய், நம் ஊர் மொச்சையே. ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்து, மொச்சைக் குழம்பின் பருப்பைக் கூட்டலாம். பசவனகுடியில் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று கூடும் கடலைக்காய்த் திருவிழாவின் நிலக்கடலையும் நல்ல கொழுப்பையும் புரதத்தையும் தருவது. எனினும் 35 கிராம் கடலையிலேயே சுமார் 14 கிராம் கொழுப்பு உண்டு. ஆதலின் அதனை வறுத்த பலகாரத்துக்கு மாற்றாகக் கொள்ளவேண்டுமேயன்றி, அதற்கு மேல் சேர்த்து உண்ணலாகாது.

கடும் உழைப்பாளிகள், வளரும் பிள்ளைகள், கருவுற்ற தாய்மார் ஆகியோரின் தேவை வேறு. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கலந்த பின்னரே சோற்றைக் குறைத்தல் வேண்டும். மற்றையோர் இன்றிரவே ஓர் அகப்பையில் தொடங்கலாம்.