மோனோ ரயில் எங்கே போய் நிற்கிறது?

நகரம் கட்டும் வீடியோ கேமில் காலியாக ஓடும் வண்டிகளை நிரப்பும் வழி

‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ ஆடுகிறவர்களில் மோனோ ரயில்மீது ஆசை வைக்காதவர்கள் குறைவு. தூண்கள் வரிசையாக எழ, அவற்றின்மேல் வண்டி வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாலே நம் ஊர் பெருநகரம் ஆகிவிட்ட பெருமிதம் வந்துவிடும். ஆனால், பலருடைய நகரங்களில் அந்த வண்டி காலியாகத்தான் ஓடுகிறது. கீழே சாலை அடைத்துக் கிடக்கும்; மேலே இருக்கைகள் வெறிச்சோடிக் கிடக்கும். ‘மோனோ ரயில் பார்க்கத்தான் அழகு, பயன் இல்லை’ என்று சொல்லி இடித்துவிடுகிறவர்களும் உண்டு. இடிக்க வேண்டியதில்லை. எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதைச் சரியாக முடிவு செய்தால், நகரத்தின் பாதிச் சுமையை அதுவே தாங்கும்.

ஃபின்லாந்தின் டம்பெரெ நகரில் இயங்கும் ‘கொலோசல் ஆர்டர்’ நிறுவனம் உருவாக்கிய இந்த கேம் 2015 மார்ச்சில் வெளியானது. அதற்கு முன்பே, 2011-இல், ‘சிட்டீஸ் இன் மோஷன்’ என்று முழுக்க முழுக்கப் பொதுப் போக்குவரத்தை வைத்தே ஒரு கேம் செய்தவர்கள் அவர்கள். அதனால்தான் ஸ்கைலைன்ஸில் வீடு, கடை, தொழிற்சாலை எல்லாவற்றையும்விடச் சாலையும் ரயிலும் ஆழமாக அமைந்திருக்கின்றன. 2017 மே மாதம் வந்த ‘மாஸ் டிரான்சிட்’ விரிவாக்கத்தில்தான் படகு, கேபிள் கார், ஆகாயக் கப்பல் ஆகியவற்றோடு மோனோ ரயிலும் சேர்ந்தது.

முதலில் சாலையைக் கேளுங்கள்

தடம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதே 2017-இல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த புதுப்பிப்பில், போக்குவரத்துப் படத்துக்குள் வழித்தடங்களைக் காட்டும் வசதி வந்தது. நெரிசலான சாலையின் ஒரு துண்டை அதில் கிளிக் செய்தால், அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொருவரும் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறார்கள் என்பது வண்ணக் கோடுகளாக விரியும். காருக்கு ஒரு நிறம், சரக்கு லாரிக்கு ஒரு நிறம், நடப்பவர்களுக்கு ஒரு நிறம்.

இந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கோடுகளில் பெரும்பகுதி லாரிகள் என்றால் அங்கே மோனோ ரயில் போட்டு ஒரு பயனும் இல்லை. சரக்கு அதில் ஏறாது. அந்தச் சாலைக்குத் தேவை சரக்கு ரயில் முனையம். பெரும்பகுதி கார்கள், அவையும் ஒரே குடியிருப்பிலிருந்து ஒரே அலுவலகப் பகுதிக்குப் போகின்றன என்றால், மோனோ ரயிலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கார்க் கோடுகள் நாலா திசையும் சிதறிப் போனால் பேருந்துகளே போதும்.

இடிக்காமல் ஏற்றலாம்

மோனோ ரயிலின் பலம் வேகத்தில் இல்லை. ஏற்கெனவே கட்டி நிறைந்துவிட்ட ஊருக்குள் இடிபாடு இல்லாமல் நுழைந்துவிடுவதுதான் அதன் தனிச் சிறப்பு. நடுவே தூண் நட்டு, மேலே தடத்தைத் தாங்கிய சாலை வகைகள் கேமில் இருக்கின்றன. அதே அகலமுள்ள பழைய சாலையை மேம்படுத்தும் கருவியால் அப்படியே மாற்றிவிடலாம். ஓரத்துக் கட்டடங்கள் தப்பிவிடும். சாலைக்கு மேலேயே உட்காரும் நிலையமும் உண்டு. வண்டிகளை நிறுத்தத் தனியாகப் பணிமனை கட்ட வேண்டாம். ட்ராமுக்கு அது இல்லாமல் முடியாது.

ஒரு பேருந்து 30 பேரை ஏற்றும். ஒரு மோனோ ரயில் 180 பேரை ஏற்றும். அதாவது, சாலையில் ஊரும் ஆறு பேருந்துகளின் வேலையை ஒரே வண்டி செய்கிறது. மெட்ரோவுக்கும் இதே 180-தான். எனவே, மோனோ ரயிலை மெட்ரோவுக்குப் பக்கத்திலேயே இணையாக ஓடவிடுவது வீண். மெட்ரோ போகாத பகுதியிலிருந்து ஆட்களைத் திரட்டி மெட்ரோவிடம் சேர்ப்பதே அதன் வேலை. ஆற்றில் போய்ச் சேரும் வாய்க்கால் போல.

சந்திப்பு நிலையம்தான் உயிர்

கேமில் வாழும் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தன் பயணம் முழுவதையும் கணக்கிட்டு விடுகிறார். நிலையத்துக்கு நடக்கும் தூரம், இறங்கிய பிறகு நடக்கும் தூரம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இறங்கிய இடத்திலிருந்து வேலைக்குப் போக வழியில்லை என்றால், அவர் முதலிலேயே காரை எடுத்துவிடுவார். மோனோ ரயில் காலியாக ஓடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கென்றே மோனோ ரயில், ரயில், மெட்ரோ மூன்றும் ஒரே கட்டடத்தில் கூடும் சந்திப்பு நிலையத்தை ‘மாஸ் டிரான்சிட்’ தந்திருக்கிறது. அதை முதலில் கட்டுங்கள். அங்கிருந்து தடத்தை வெளியே இழுத்து, மறுமுனையைக் குடியிருப்பின் நடுவில் நிறுத்துங்கள். அந்த முனையில் இரண்டு மூன்று சிறிய பேருந்துத் தடங்களை நிலைய வாசல்வரை கொண்டுவாருங்கள். இடையில் நிலையங்களை நெருக்கிப் போட வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்று போனால் பயண நேரம் கூடி, ஆட்கள் மீண்டும் காருக்கே திரும்புவார்கள்.

இன்னொன்று, ஒரு திசைக்கு ஒரு நடைமேடைதான். ஒரே நிலையத்தில் மூன்று தடங்களைத் திணித்தால் முன்வண்டி நகரும்வரை பின்வண்டிகள் வரிசையில் நிற்கும். கூட்டம் அதிகமாகிறதே என்று வண்டிகளை மட்டும் கூட்டினாலும் இதே கதிதான். தடத்தின் விவரப் பலகையில் வண்டிகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, காத்திருப்போர் குறைகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

நிஜ நகரங்கள் சொல்வதும் இதுவே

டோக்கியோ மோனோ ரயில் 1964 செப்டம்பரில், ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சற்று முன்னால், ஹனேடா விமான நிலையத்தையும் ஹமமட்சுச்சோவையும் இணைத்துத் தொடங்கியது. ஒரு முனையில் விமானங்கள், மறுமுனையில் நகர ரயில். இரண்டு முனையிலும் ஆட்கள் நிறைந்திருந்ததால் அது இன்றும் ஓடுகிறது. சீனாவின் சோங்சிங் மலைகளும் ஆறுகளும் குறுக்கிடும் நகரம். ரப்பர் சக்கர வண்டி சரிவில் ஏறும் என்பதால் அங்கே மோனோ ரயில் அன்றாட வாகனமாகிவிட்டது. லிசிபா நிலையத்தில் அது அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து செல்கிறது.

மறுபக்கம் சிட்னியைப் பாருங்கள். 1988-இல் திறந்த மோனோ ரயில் 3.6 கி.மீ. வட்டத்தில் ஒரே திசையில் சுற்றியது. முந்தைய நிலையத்துக்குத் திரும்பிப் போகவும் ஏறக்குறைய முழு வட்டம் அடிக்க வேண்டியிருந்தது. 2013 ஜூனில் அதை மூடிவிட்டார்கள். கேமிலும் ஒருவழித் தடம் இருக்கிறது. அதில் வளையம் போட்டால் மக்கள் இதே காரணத்துக்காக ஏற மாட்டார்கள். மும்பையில் 2014-இல் வடாலா - செம்பூர் இடையே தொடங்கிய மோனோ ரயிலுக்கு எதிர்பார்த்த கூட்டம் சேரவில்லை. லட்சக்கணக்கானோரைச் சுமக்கும் புறநகர் ரயிலோடு நெருக்கமாக இணையவில்லை என்பது ஆரம்பம் முதலே அதன்மீது வைக்கப்பட்ட குறை.

சென்னையிலும் 2006-இலும் 2011-இலும் மோனோ ரயில் பேச்சு பலமாக எழுந்தது. கடைசியில் 2015 ஜூனில் ஓடியது மெட்ரோதான். எந்த வண்டி வேண்டும் என்ற வாதத்தில் அன்று செலவான அளவுக்கு, இறங்கியவர் அடுத்து எதில் ஏறுவார் என்ற கேள்விக்கு நேரம் கிடைக்கவில்லை. ரயில் நிலைய வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் எவருக்கும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

இந்த கேமைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்று நான் நம்புவது இதனால்தான். பள்ளி மாணவர் ஒருவர் தன் திரையில் காலியாக ஓடும் வண்டியைப் பார்த்து, நிலையத்தை இரண்டு தெரு தள்ளி மெட்ரோ பக்கம் நகர்த்தி, சில நிமிடங்களில் நடைமேடை நிறைவதைக் காண்கிறார். நகரத் திட்டத்தின் அடிப்படையை அவர் கைப்படக் கற்றுக்கொள்கிறார். நாளை அவருடைய ஊரில் ஒரு புதிய தடம் அறிவிக்கப்படும்போது, எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாமல், ‘இது எந்த நிலையத்தோடு சேர்கிறது?’ என்று அவர் கேட்பார். அப்படிக் கேட்கத் தெரிந்த குடிமக்கள் எந்த ஊருக்கும் தேவை.