வேக்காட்டின் நேரக்கணக்கு

சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களோடு கிடைத்த சுடுமண் பொருள்கள், தழலின் நிறத்தைக் கண்டே சூளையின் வெப்பத்தைக் கணித்த கைவினைஞர்களின் தேர்ச்சிக்குச் சான்றாகும். இன்றைய மின்சூளையில் அந்தக் கணிப்பு எண்களாலான நிரலாகப் பதியப்படுகிறது. எட்டவேண்டிய உச்ச வெப்பத்தைச் சொல்லிவிட்டால் போதும் என்று புதியவர்கள் கருதினாலும், பானையின் கதியைத் தீர்மானிப்பது அந்த உச்சத்துக்குச் செல்லும் வேகமே.

சுடுதலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மணிக்கு எத்தனை டிகிரி ஏறவேண்டும், எதுவரை ஏறவேண்டும், அங்கே எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்ற மூன்று எண்கள் தேவைப்படுகின்றன. மெருகு பூசாத சாதாரண மண்பாண்டத்துக்கு, மணிக்கு 60 டிகிரி வீதம் 95 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி மூன்று மணி நேரம் நிறுத்தி, பின்னர் மணிக்கு 100 டிகிரி வீதம் 600 வரையும், 150 வீதம் 1000 வரையும் ஏற்றிக் கால் மணி நேரம் நிறுத்தினால், ஏறத்தாழ 12 மணி நேரத்தில் சுடுதல் முடியும். இவற்றுள் முதல் நிறுத்தமே பொறுமையைச் சோதிப்பது. பட்டாசுத் தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்த சிவகாசிப் பகுதியின் வறண்ட காற்றில் பச்சைப் பானையின் மேற்புறம் விரைவில் உலர்ந்துவிட்டாலும், தடித்த அடிப்பகுதிக்குள் ஈரம் தங்கியிருக்கக்கூடும். 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த நீர் சுமார் 1,700 மடங்கு விரிந்து ஆவியாக முயல்வதால், பானை சூளைக்குள்ளேயே வெடித்துச் சிதறும்.

மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்துள்ள நீர் 450 முதல் 600 டிகிரிக்குள் வெளியேறுகிறது. மணலிலுள்ள படிகக்கல் 573 டிகிரியில் திடீரென விரிந்து, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. ஆவல் மிகுதியால் மூடியை முன்கூட்டியே திறந்து பானைகளை விரிசல் விடச் செய்வோர் இதைத்தான் மறந்துவிடுகின்றனர்.

இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்துச் செய்த வெப்ப உணரி, தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே காட்டும். வெப்பமும் நேரமும் சேர்ந்து மண்ணில் விளைவிக்கும் வேக்காட்டை அது அறியாது. அதை அறியவே ஜெர்மனியின் ஹெர்மான் செகர் 1886இல், குறித்த வேக்காட்டில் இளகி வளையும் சிறு கூம்புகளை உருவாக்கினார். கணினிக் கட்டுப்பாடுள்ள சூளைகளிலும் அக்கூம்பை வைத்துச் சரிபார்க்கும் வழக்கம் தொடர்கிறது, அது நியாயமானதும்கூட.

நிரலுக்கு எட்டாத ஒன்றும் உண்டு. கீழடி, ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தும், கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தும் இருக்கின்றன. மின்சூளைக்குள் எரிபொருளே இல்லாததால் அங்கே எப்போதும் காற்றின் ஆட்சிதான். எத்தகைய எண்களைப் பதிந்தாலும் செம்மண் சிவப்பாகவே வெளிவரும். கறுப்பு வேண்டி உள்ளே உமியைப் புகையவிட்டால், சூடேற்றும் கம்பிகளைக் காக்கும் ஆக்சைடு படலம் நாளடைவில் தேய்ந்து கம்பிகள் பழுதாகும் என்பதால், அந்தப் பானைகளை விறகுச் சூளையில் சுடுவதே சிக்கனமானது.