வெட்டுப்புள்ளிக்குக் காத்திருக்கும் மாதங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் புளியந்தீவு மாணவர்களின் இணைந்த கணிதப் புத்தகங்கள் அலுமாரிக்குள் போய்விடுகின்றன. பிறகு பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று மாதங்கள் நகரும். விஞ்ஞான, பொறியியல் பீடங்களின் முதல் விரிவுரையில் இரண்டு அதிர்ச்சிகள் ஒன்றாக வருகின்றன: பாடம் ஆங்கிலத்தில், கணிதமும் பழகிய கணிதம் அல்ல.

என்ன மாறுகிறது? உயர்தரத்தில் நாம் வகையிட்ட சார்புகளில் மாறி ஒன்றுதான். ஆனால் புளியந்தீவைச் சூழ்ந்திருக்கும் வாவியின் ஆழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோணி கிழக்கே போனால் ஆழம் ஒரு விதமாக மாறும், வடக்கே போனால் இன்னொரு விதமாக மாறும். இங்கே மாறிகள் இரண்டு. ஒன்றை அசையாமல் வைத்து, மற்றதால் வரும் மாற்றத்தை மட்டும் அளப்பதே பகுதி வகையீடு. செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். அசையாத மாறியை மாறிலியாக எண்ணினால் போதும். மின்புலம், வெப்பக் கடத்தல் என மேற்படிப்புப் பௌதிகவியலின் பெரும்பகுதி இந்தக் கணிதத்தில்தான் எழுதப்படுகிறது.

இதற்கு இன்னொரு ரியூசன் வகுப்புத் தேவையில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய ஏகபரிமாண அட்சரகணித விரிவுரைகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ரிச்சர்ட் ஃபெயின்மனின் பௌதிகவியல் விரிவுரைகளை இலவசமாக வாசிக்கலாம்.

வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கட்டும். நீங்கள் படித்த ஒவ்வொரு தமிழ்க் கலைச்சொல்லுக்கும் எதிரே அதன் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். முதல் விரிவுரையில் தடுக்குவது பலருக்குக் கணக்கு அல்ல, அதன் பெயர்தான்.